தமிழ்நாட்டில் சிறுதொழில் தொடங்குதலும் நடத்துதலும்

தமிழ்நாட்டில் சிறுதொழில் என்பது, அம்மாநில எல்லைக்குள் குறைந்த முதலீட்டையும் குறைந்த எண்ணிக்கையிலான பணியாளர்களையும் கொண்டு நடத்தப்படும் உற்பத்தி, சேவை, வணிக முயற்சிகளைக் குறிக்கும். கோயம்புத்தூரின் கடைசல் பட்டறை, திருப்பூரின் தையல் கூடம், சிவகாசியின் அச்சகம், ஆம்பூரின் காலணிக் கூடம், ஒரு சிற்றூரின் மாவரைக்கும் ஆலை ஆகிய அனைத்தும் இதனுள் அடங்கும்.

இத்தகைய தொழிலைத் தொடங்குவதற்கான அடிப்படைப் பதிவுகளில் பெரும்பாலானவற்றை இன்று இணையவழியே பெற இயலும். தொழிலைத் தொடர்ந்து நடத்துவதே கடினமானது. கணக்கில் இலாபம் காட்டும் நிறுவனமும், விற்ற பொருளுக்கான பணம் உரிய நாளில் வந்து சேராவிடில் கூலி கொடுக்க இயலாமல் நின்றுவிடக்கூடும். எனவே பதிவு, வரி, கடன், பணியாளர் சட்டம் ஆகியவற்றைத் தனித்தனிச் சடங்குகளாகப் பார்க்காமல், பணம் எப்போது வெளியே செல்கிறது, எப்போது உள்ளே வருகிறது என்ற நோக்கில் புரிந்துகொள்வது பயனுள்ளது.

வரையறை

இந்தியாவில் சிறுதொழிலுக்கான சட்ட வரையறை, 2006 ஆம் ஆண்டின் குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் நடுவண் அரசால் அறிவிக்கப்படுகிறது. தொடக்கத்தில் முதலீடு மட்டுமே அளவுகோலாக இருந்தது. 2020 சூலை 1 முதல் இயந்திரங்களில் செய்த முதலீடு, ஆண்டு விற்றுமுதல் ஆகிய இரண்டும் அளவுகோல்கள் ஆயின. 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வரம்புகள் பின்வருமாறு:

- குறு நிறுவனம்: முதலீடு 2.5 கோடி ரூபாய்க்கும், விற்றுமுதல் 10 கோடி ரூபாய்க்கும் மிகாதது.
- சிறு நிறுவனம்: முதலீடு 25 கோடி ரூபாய்க்கும், விற்றுமுதல் 100 கோடி ரூபாய்க்கும் மிகாதது.
- நடுத்தர நிறுவனம்: முதலீடு 125 கோடி ரூபாய்க்கும், விற்றுமுதல் 500 கோடி ரூபாய்க்கும் மிகாதது.

இரண்டு அளவுகோல்களில் ஒன்றைக் கடந்தாலும் நிறுவனம் அடுத்த வகைக்குச் சென்றுவிடும். பேச்சு வழக்கில் சிறுதொழில் எனப்படுபவற்றுள் மிகப் பெரும்பான்மையானவை சட்டப்படி குறு நிறுவனங்களே ஆகும்.

வரலாறு

1949 ஆம் ஆண்டில் அன்றைய சென்னை மாகாணத்தில் தொழில் முதலீட்டுக் கழகம் நிறுவப்பட்டது. இது இன்று தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகம் என அழைக்கப்படுகிறது. 1958 ஆம் ஆண்டில் கிண்டியில் தொழிற்பேட்டை அமைக்கப்பட்டது. அப்போது கு. காமராசர் முதலமைச்சராகவும், ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சராகவும் இருந்தனர். கட்டிய கூடம், மின்சாரம், நீர், சாலை ஆகியவற்றை அரசே முன்கூட்டி அமைத்துத் தருவதால், தொழில்முனைவோரின் முதலீடு நிலத்தில் முடங்காமல் இயந்திரத்துக்குப் போகும் என்பதே தொழிற்பேட்டைக் கொள்கையின் சாரம். 1960-களில் அம்பத்தூரில் மிகப் பெரிய தொழிற்பேட்டை உருவானது. 1970 ஆம் ஆண்டில் தமிழ்நாடு சிறுதொழில் வளர்ச்சிக் கழகம் (சிட்கோ) நிறுவப்பட்டு, மாநிலம் முழுவதும் தொழிற்பேட்டைகளை அமைத்து வந்துள்ளது. 1978 ஆம் ஆண்டில் நாடெங்கும் மாவட்டத் தொழில் மையங்கள் தொடங்கப்பட்டன.

1967 முதல், குறிப்பிட்ட சில பொருட்களைச் சிறுதொழில்கள் மட்டுமே உற்பத்தி செய்யலாம் என நடுவண் அரசு ஒதுக்கி வைத்தது. இப்பட்டியல் ஒரு காலத்தில் 800 பொருட்களைத் தாண்டியது. பொருளாதாரத் தாராளமயத்துக்குப் பின் படிப்படியாகச் சுருங்கி, 2015 ஏப்ரலில் எஞ்சியிருந்த 20 பொருட்களும் நீக்கப்பட்டன. அந்த 20-இல் தீப்பெட்டி, பட்டாசு, ஊறுகாய், பூட்டு ஆகியவை இருந்தன. சிவகாசி, கோவில்பட்டி, திண்டுக்கல் போன்ற ஊர்களின் தொழில்களுக்கு இது நேரடித் தொடர்புடையது. இவ்வாறு சந்தை ஒதுக்கீடு என்ற பாதுகாப்பு மறைந்தபின், கடன் உதவி, மானியம், காலந்தாழ்ந்த கொடுப்பனவுக்கு எதிரான சட்டம் ஆகியவையே முதன்மைப் பாதுகாப்புகளாக எஞ்சின.

தொழில் குழுமங்கள்

ஒரே தொழிலைச் செய்யும் பல சிறு நிறுவனங்கள் ஓர் ஊரில் திரண்டிருப்பது தமிழ்நாட்டுச் சிறுதொழிலின் சிறப்பியல்பு ஆகும். திருப்பூரில் பின்னலாடை, கோயம்புத்தூரில் நீரேற்று இயந்திரமும் மாவரைக்கும் இயந்திரமும், கரூரில் வீட்டு உபயோகத் துணியும் பேருந்துக் கூடு கட்டுதலும், நாமக்கல்லில் சரக்குந்துக் கூடு கட்டுதல், சேலத்தில் வெள்ளிக் கொலுசு, ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல், பொள்ளாச்சியில் தென்னை நார் எனப் பட்டியல் நீளும்.

குழுமத்தில் தொழில் தொடங்குபவருக்கு இரண்டு நன்மைகள் உள்ளன. முதலாவது, முழுத் தொழிலையும் தாமே செய்ய வேண்டியதில்லை. திருப்பூரில் பின்னுதல், சாயமிடுதல், அச்சிடுதல், வெட்டுதல், தைத்தல், தேய்த்தல் ஆகிய ஒவ்வொன்றையும் தனி நிறுவனங்கள் கூலிக்குச் செய்து தருகின்றன. எனவே சில தையல் இயந்திரங்களுடன் ஒருவர் இச்சங்கிலியில் நுழைய முடிகிறது. இரண்டாவது, திறன் பெற்ற பணியாளர், உதிரி பாகக் கடை, பழுது பார்ப்பவர் ஆகியோர் அருகிலேயே கிடைக்கின்றனர்.

இச்சங்கிலிக்கு ஒரு குறையும் உண்டு. ஏற்றுமதியாளருக்கு வெளிநாட்டு வாங்குநரிடமிருந்து பணம் வரத் தாமதமானால், அத்தாமதம் ஒவ்வொரு கண்ணியாகக் கீழிறங்கி, கடைசியில் உள்ள மிகச் சிறிய கூடத்தின் மீது விழுகிறது. திருப்பூர், கோயம்புத்தூர்ப் பகுதிகளில் கூலி வாரந்தோறும் சனிக்கிழமை கொடுக்கப்படும் வழக்கம் பரவலாக உள்ளது. வாங்குநர் மாதக் கணக்கில் தவணை கேட்கிறார். கூலியோ வாரக் கணக்கில் கொடுக்கப்பட வேண்டும்.

நிறுவன வடிவங்கள்

தொழில் தொடங்குபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது நிறுவனத்தின் சட்ட வடிவம் ஆகும். தொழில் நொடித்தால் கடன் யாரைச் சேரும் என்பதை இம்முடிவே தீர்மானிக்கிறது.

- தனியுரிமை நிறுவனம்: ஒருவர் மட்டும் உரிமையாளர். தனிப் பதிவுச் சட்டம் இல்லை. தொடங்குவதும் மூடுவதும் எளிது. உரிமையாளருக்கும் நிறுவனத்துக்கும் சட்டத்தில் வேறுபாடு இல்லாததால், தொழிற்கடனுக்கு அவருடைய சொந்தச் சொத்தும் பொறுப்பாகும்.
- கூட்டாண்மை நிறுவனம்: 1932 ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின்படி அமைவது. ஒரு கூட்டாளி தொழிலுக்காக வாங்கிய கடனுக்கு ஏனைய கூட்டாளிகளும் முழுமையாகப் பொறுப்பாவர். பதிவு கட்டாயம் அன்று. ஆயினும் பதிவு செய்யாத நிறுவனம், ஒப்பந்தப்படி தனக்கு வரவேண்டிய பணத்துக்காக வெளியாரின் மீது வழக்குத் தொடர முடியாது (பிரிவு 69). நண்பர்களும் உடன்பிறந்தவர்களும் பேச்சளவில் தொடங்கும் கூட்டுத் தொழில்கள் இவ்விதியைப் பெரும்பாலும் வழக்கு வரும்போதே அறிகின்றன.
- வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மை: 2008 ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவானது. கூட்டாளிகளின் பொறுப்பு அவர்கள் ஒப்புக்கொண்ட பங்களிப்போடு நிற்கும்.
- தனியார் வரையறுத்த நிறுமம்: 2013 ஆம் ஆண்டின் நிறுமச் சட்டத்தின் கீழ் குறைந்தது இருவரால் தொடங்கப்படுவது. ஒருவர் மட்டுமே உறுப்பினராக உள்ள நிறுமத்துக்கும் இதே சட்டம் இடமளித்தது. ஆண்டுதோறும் தணிக்கையும் அறிக்கைத் தாக்கலும் தேவைப்படுவதால் செலவு கூடுதல்.

வரையறுத்த பொறுப்பு என்பது நடைமுறையில் முழுப் பாதுகாப்பு ஆகாது. சிறிய நிறுமங்களுக்குக் கடன் தரும் வங்கிகள் வழக்கமாக இயக்குநர்களின் தனிப்பட்ட பிணையையும் கேட்பதால், அந்தக் கடனைப் பொறுத்தவரை அவர்கள் மீண்டும் முழுப் பொறுப்பாளர் ஆகிவிடுகின்றனர்.

பதிவுகளும் உரிமங்களும்

உத்யம் பதிவு

2020 சூலை 1 முதல், குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் உத்யம் எனப்படும் இணையவழிப் பதிவைப் பெறுகின்றன. இது ஆதார் எண்ணையும் நிரந்தரக் கணக்கு எண்ணையும் கொண்டு, தொழில்முனைவோரின் சொந்த உறுதிமொழியின் பேரில் வழங்கப்படுகிறது. அரசின் இணையதளத்தில் இதற்குக் கட்டணம் இல்லை. அரசுத் தளம் போன்ற தோற்றத்துடன் கட்டணம் பெறும் தனியார் தளங்களும் உள்ளமையால் கவனம் தேவை. வரி எண் இல்லாத மிகச் சிறிய முறைசாரா நிறுவனங்களுக்காக 2023 சனவரியில் உத்யம் உதவித் தளம் தொடங்கப்பட்டது.

சரக்கு மற்றும் சேவை வரி

2017 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள இவ்வரியில், தமிழ்நாட்டில் பொருட்களை மட்டும் விற்போருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 இலட்சம் ரூபாயைத் தாண்டும்போதும், சேவை வழங்குவோருக்கு 20 இலட்சம் ரூபாயைத் தாண்டும்போதும் பதிவு கட்டாயமாகிறது. பொருட்களை வேறு மாநிலத்துக்கு விற்பவர் பொதுவாக இவ்வரம்பைப் பாராமல் பதிவு பெற வேண்டும். ஆகவே ஓசூரிலிருந்து பெங்களூருவுக்கும், களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரத்துக்கும் சரக்கு அனுப்புவோர் இதைத் தொடக்கத்திலேயே கருத வேண்டும்.

விற்றுமுதல் 1.5 கோடி ரூபாய்க்கு மிகாத உற்பத்தியாளரும் வணிகரும் இணக்க முறையைத் தேர்ந்து, விற்றுமுதலில் 1 விழுக்காட்டை வரியாகச் செலுத்தலாம். கணக்கு வேலை குறையும். ஆனால் அவர்கள் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்க முடியாது. வாங்கிய பொருளுக்குச் செலுத்திய வரியைக் கழிக்க முடியாது. வெளிமாநிலத்துக்கு விற்க முடியாது. வேறு நிறுவனங்களுக்கு உதிரி பாகம் செய்து தருபவரிடம் இணக்க முறையில் வாங்கினால் வாங்குநருக்கு வரிக்கழிவு கிடைக்காது. எனவே இம்முறை நேரடியாக மக்களுக்கு விற்கும் கடைகளுக்கே பெரிதும் பொருந்தும்.

உள்ளூர் மற்றும் துறை உரிமங்கள்

மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சியின் தொழில் உரிமம் தேவை. உள்ளாட்சி அமைப்புகளுக்கு அரையாண்டுக்கு ஒரு முறை தொழில் வரி செலுத்த வேண்டும். கடைகளின் பெயர்ப் பலகையில் தமிழ் முதன்மையாக இடம்பெற வேண்டும் என்பது தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகளின் தேவை. உணவுப் பொருள் தயாரிப்போர் உணவுப் பாதுகாப்புப் பதிவு அல்லது உரிமமும், பொட்டலமிட்டு விற்போர் 2009 ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின்படியான விவரங்களும், பட்டாசு தயாரிப்போர் வெடிபொருள் உரிமமும் பெற்றிருக்க வேண்டும். பல துறைகளின் அனுமதிகளை ஒரே இடத்தில் கால வரையறையுடன் வழங்குவதற்காக 2018 ஆம் ஆண்டில் தமிழ்நாடு தொழில் எளிதாக்குதல் சட்டம் இயற்றப்பட்டது.

சுற்றுச்சூழல் இசைவு

நீர் மாசுத் தடுப்புச் சட்டம் (1974), காற்று மாசுத் தடுப்புச் சட்டம் (1981) ஆகியவற்றின்கீழ் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு பெற வேண்டும். தொழில்கள் மாசின் அளவைப் பொறுத்துச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை, வெள்ளை முதலிய வகைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. சிவப்பு வகைக்குக் கட்டுப்பாடு மிகுதி.

இதைப் புறக்கணிப்பதன் விளைவுக்கு இம்மாநிலத்திலேயே இரு பெரும் சான்றுகள் உள்ளன. 1996 ஆம் ஆண்டில் வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடர்ந்த வழக்கில், பாலாற்றுப் பகுதித் தோல் பதனிடும் ஆலைகள் குறித்து உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. 2011 சனவரியில், நொய்யல் ஆறு மாசடைந்தது குறித்த வழக்கில், கழிவுநீரை முற்றிலும் வெளியேற்றாத நிலையை எட்டாத திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. ஆற்றின் கீழ்ப்பகுதி உழவர்களின் நிலமும் நீரும் பாழ்பட்டதே வழக்கின் அடிப்படை. சாய ஆலைகள் நின்றபோது, எவ்வித மாசும் ஏற்படுத்தாத தையல் கூடங்களும் துணி கிடைக்காமல் தவித்தன.

முதலீடும் கடனும்

சிறுதொழிலுக்கான கடன் இரு வகைப்படும். இயந்திரம், கட்டடம் ஆகியவற்றுக்கானது தவணைக் கடன். மூலப்பொருள், கூலி, வாடிக்கையாளரிடம் நிலுவையாக உள்ள தொகை ஆகியவற்றை ஈடுசெய்வது நடைமுறை மூலதனக் கடன். புதிய தொழில்முனைவோர் முதலாவதில் கவனம் செலுத்தி இரண்டாவதைக் குறைத்து மதிப்பிடுவது பொதுவாகக் காணப்படும் பிழையாகும்.

அரசு அறிமுகப்படுத்திய முக்கியத் திட்டங்கள் சில:

- பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம் (2008): நடுவண் அரசுத் திட்டம். பயனாளியின் பிரிவையும் இடத்தையும் பொறுத்துத் திட்ட மதிப்பில் 15 முதல் 35 விழுக்காடு வரை மானியம் வழங்க வகைசெய்தது.
- புதிய தொழில்முனைவோர் மற்றும் தொழில் நிறுவன மேம்பாட்டுத் திட்டம் (2012): தமிழ்நாடு அரசுத் திட்டம். முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு 25 விழுக்காடு முதலீட்டு மானியமும் 3 விழுக்காடு வட்டி மானியமும் அறிவிக்கப்பட்டன.
- முத்ரா கடன் (2015): குறு நிறுவனங்களுக்கு 10 இலட்சம் ரூபாய் வரை கடன் தரத் தொடங்கப்பட்டது, 2024 இல் முந்தைய கடனை ஒழுங்காகத் திருப்பியவர்களுக்கு 20 இலட்சமாக உயர்த்தப்பட்டது.
- அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் (2023): தமிழ்நாடு அரசு பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்காக அறிமுகப்படுத்தியது. 35 விழுக்காடு முதலீட்டு மானியமும் 6 விழுக்காடு வட்டி மானியமும் அறிவிக்கப்பட்டன.

இத்திட்டங்களின் வரம்புகளும் தகுதிகளும் அரசாணைகளால் அவ்வப்போது மாற்றப்படுவதால், விண்ணப்பிக்குமுன் மாவட்டத் தொழில் மையத்தில் உறுதி செய்துகொள்ள வேண்டும். மானியம் கையில் கிடைக்கும் பணம் அன்று என்பதும் அறியத்தக்கது. எடுத்துக்காட்டாக, பிரதமரின் திட்டத்தில் மானியத் தொகை வங்கியில் வைப்பாக மூன்று ஆண்டுகள் வைக்கப்பட்டு, தொழில் நடப்பது சரிபார்க்கப்பட்ட பின்னரே கடனில் ஈடுசெய்யப்பட்டது. மானியத்தை நம்பி மூலப்பொருள் வாங்கத் திட்டமிடுபவர் தொடக்கத்திலேயே தடுமாறுவார்.

2000 ஆம் ஆண்டில் நடுவண் அரசும் இந்தியச் சிறுதொழில் வளர்ச்சி வங்கியும் சேர்ந்து கடன் உத்தரவாத நிதியத்தை நிறுவின. சொத்துப் பிணை இல்லாத கடன் வாராக்கடன் ஆனால், அதில் ஒரு பகுதியை இந்நிதியம் வங்கிக்கு ஈடுசெய்கிறது. 2010 இல் ரிசர்வ் வங்கி, குறு, சிறு நிறுவனங்களின் 10 இலட்சம் ரூபாய் வரையிலான கடன்களுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என வங்கிகளுக்குக் கட்டளையிட்டது. வீட்டுப் பத்திரத்துடன் வங்கிக்குச் செல்பவர்கள் இவ்விரண்டையும் அறிந்திருப்பது நன்று.

நடைமுறை மூலதனம்: ஓர் எடுத்துக்காட்டு

பொறியியல் உதிரி பாகம் செய்யும் ஒரு கற்பனைப் பட்டறையைக் கொள்க. மாத விற்பனை 3,00,000 ரூபாய். மூலப்பொருள் 1,50,000, கூலி 60,000, வாடகையும் மின்சாரமும் 30,000, கடன் வட்டி 20,000. மாத இலாபம் 40,000 ரூபாய். விற்பனைக்கும் மூலப்பொருளுக்கும் வரி 18 விழுக்காடு என்க. மூலப்பொருள் ரொக்கத்துக்கு வாங்கப்படுகிறது.

மூலப்பொருளுக்கான வரி 27,000 ரூபாயையும் சேர்த்து முதல் மாதச் செலவு 2,87,000 ரூபாய் ஆகும். முதல் மாத விற்பனைக்கான வரி 54,000 ரூபாயில் ஏற்கெனவே செலுத்திய 27,000 போக, மீதி 27,000 ரூபாயை அடுத்த மாதம் அரசுக்குச் செலுத்த வேண்டும். வாடிக்கையாளர் பணம் தந்துவிட்டாரா என்பதை இவ்வரி பார்ப்பதில்லை. விலைப்பட்டியல் எழுதியதே போதும். ஆகவே இரண்டாம் மாதம் முதல் மாதச் செலவு 3,14,000 ரூபாய்.

- மாத இறுதியில் எழுதிய விலைப்பட்டியலுக்கு 30 நாளில் பணம் வந்தால், முதல் வரவுக்கு முன் தேவைப்படும் பணம் 2,87,000 + 3,14,000 = 6,01,000 ரூபாய்.
- 90 நாளில் வந்தால், தேவைப்படும் பணம் 2,87,000 + (3 × 3,14,000) = 12,29,000 ரூபாய்.

இரு நிலைகளிலும் இலாபக் கணக்கு முதலில் ஒன்றே. தேவைப்படும் பணமோ இரு மடங்குக்கும் மேல். வேறுபாடான 6,28,000 ரூபாயை ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியில் கடன் பெற்றால் மாதம் 6,280 ரூபாய் கூடுதல் வட்டியாகும். அதாவது இலாபத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு, வாடிக்கையாளரின் தாமதத்துக்காகச் செலவாகிறது. விலை பேசும்போது தவணையையும் விலையின் பகுதியாகக் கருத வேண்டும் என்பதை இக்கணக்கு காட்டுகிறது. தீபாவளிக்கு முன் போனசு கொடுக்கும் மாதத்தில் இத்தேவை மேலும் உயரும்.

காலந்தாழ்ந்த கொடுப்பனவும் சட்டப் பாதுகாப்பும்

2006 ஆம் ஆண்டின் சட்டம் குறு, சிறு நிறுவனங்களிடம் பொருளோ சேவையோ வாங்குபவர்களுக்குக் காலவரையறை விதிக்கிறது.

- எழுத்துமூல ஒப்பந்தம் இருந்தால் அதில் குறித்த நாளுக்குள் பணம் தர வேண்டும். எவ்வாறாயினும் பொருளை ஏற்ற நாளிலிருந்து 45 நாட்களைத் தாண்டக் கூடாது.
- ஒப்பந்தம் இல்லையெனில் 15 நாட்களுக்குள் தர வேண்டும்.
- தரக்குறைவு முதலிய மறுப்புகளைப் பொருள் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்காவிட்டால், பொருள் ஏற்கப்பட்டதாகக் கருதப்படும்.
- தாமதத்துக்கு, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மும்மடங்கு, மாதக் கூட்டு வட்டியாகத் தர வேண்டும். வங்கி விகிதம் 6 விழுக்காடு எனில் வட்டி 18 விழுக்காடு.

பணம் வராவிடில், குறு மற்றும் சிறு நிறுவனங்கள் வசதியாக்கல் மன்றத்தில் முறையிடலாம். தமிழ்நாட்டில் இம்மன்றங்கள் சென்னை, கோயம்புத்தூர், மதுரை, திருச்சிராப்பள்ளி ஆகிய இடங்களில் இயங்குகின்றன. மன்றம் முதலில் சமரசத்துக்கு முயலும். அது முறிந்தால் நடுவர் தீர்ப்பு வழங்கும். அத்தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் செல்லும் வாங்குநர், தீர்ப்புத் தொகையில் 75 விழுக்காட்டை முன்கூட்டியே கட்ட வேண்டும்.

இப்பாதுகாப்புக்கு எல்லைகள் உண்டு. நடுத்தர நிறுவனங்களுக்கு இது பொருந்தாது. 2021 சூலையில் மொத்த, சில்லறை வணிகர்களுக்கும் உத்யம் பதிவு அனுமதிக்கப்பட்டபோது, முன்னுரிமைக் கடன் என்ற பயன் மட்டுமே அவர்களுக்கு வழங்கப்பட்டது. பதிவு செய்யும் நாளும் முக்கியமானது. 2021 இல் சில்பி இண்டசுட்ரீசு வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒப்பந்தம் செய்துகொண்ட பின் பெற்ற பதிவைக் கொண்டு அவ்வொப்பந்தத்துக்கு முன்தேதியிட்டு இச்சட்டத்தின் பயனைக் கோர முடியாது எனக் கூறியது. 2025 சனவரியில் உச்ச நீதிமன்றத்தின் மற்றோர் அமர்வு இதில் மாறுபட்டு, கேள்வியைப் பெரிய அமர்வின் முடிவுக்கு அனுப்பியது. முதல் ஆணையை ஏற்பதற்கு முன்பே உத்யம் பதிவைப் பெற்று, அதன் எண்ணை விலைப்பட்டியலில் அச்சிடுவோருக்கு இவ்வையம் எழாது.

நடைமுறையில், முறையிட்டால் அடுத்த ஆணை கிடைக்காது என்ற அச்சத்தால் பல தொழில்முனைவோர் மன்றத்துக்குச் செல்வதில்லை. ஒரே வாங்குநரை நம்பியிருப்பவருக்கு இவ்வச்சம் நியாயமானதே. இதனால் முறையீடு தேவைப்படாத வேறு வழிகளும் உருவாக்கப்பட்டன. 2023 ஆம் ஆண்டின் நிதிச் சட்டம், குறித்த காலத்துக்குள் குறு, சிறு நிறுவனங்களுக்குப் பணம் தராத வாங்குநர், பணம் தரும்வரை அத்தொகையை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட இயலாதவாறு செய்தது. வாங்குநர் ஏற்றுக்கொண்ட விலைப்பட்டியலைக் கழிவுடன் வங்கிகளுக்கு விற்று உடனே பணம் பெறும் மின்னணுத் தளங்களுக்கு (டிரெட்சு) 2014 இல் ரிசர்வ் வங்கி நெறிமுறை வகுத்தது. 2024 நவம்பரில், விற்றுமுதல் 250 கோடி ரூபாயைத் தாண்டும் நிறுமங்கள் இத்தளங்களில் இணைவது கட்டாயமாக்கப்பட்டது. காசோலை திரும்பினால் 30 நாட்களுக்குள் எழுத்துமூல அறிவிப்பு அனுப்பி, அதன்பின் 15 நாட்களில் பணம் வராவிடில் ஒரு மாதத்துக்குள் குற்றவியல் முறையீடு செய்யலாம்.

எவ்வழியில் சென்றாலும் சான்றுகள் தேவை. கொள்முதல் ஆணை, கையொப்பமிட்ட சரக்குச் சீட்டு, விலைப்பட்டியல், நிலுவையை ஒப்புக்கொண்ட கடிதம் அல்லது மின்னஞ்சல் ஆகியவற்றைத் தேதி வாரியாகப் பாதுகாப்பதே மிக மலிவான காப்பீடாகும்.

முறைசாராக் கடன்

வங்கியின் நடைமுறை மூலதனம் போதாதபோது சிறுதொழில்கள் ஏலச்சீட்டையும் வட்டிக்கடனையும் நாடுகின்றன. பதிவு பெற்ற சீட்டு, 1982 ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டத்தின் கண்காணிப்பில் நடப்பது. பதிவு பெறாத சீட்டு முறிந்தால் பணத்தை மீட்பது அரிது.

நாள் வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எனப் பல பெயர்களில் வழங்கும் அதீத வட்டியைத் தடைசெய்ய 2003 ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் இயற்றியது. 100 நாள் தண்டலில் 10,000 ரூபாய்க் கடனுக்கு 1,500 ரூபாயை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு 8,500 ரூபாய் தந்து, நாளொன்றுக்கு 100 ரூபாய் வசூலிப்பதாகக் கொள்வோம். கேட்பதற்கு 15 விழுக்காடு போல் தோன்றும். முதல் நாளிலிருந்தே கடன் குறைந்துகொண்டு வருவதால், கடன் வாங்கியவர் 100 நாளில் சராசரியாகக் கையில் வைத்திருப்பது கொடுக்கப்பட்ட தொகையில் ஏறத்தாழப் பாதியே. ஆகவே உண்மையான ஆண்டு வட்டி 100 விழுக்காட்டையும் தாண்டிவிடும். எந்தச் சிறுதொழிலின் இலாபமும் இதைத் தாங்காது.

பணியாளர்கள்

2025 நவம்பர் 21 அன்று இந்தியாவில் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. பணியாளர் எண்ணிக்கை 10-ஐ எட்டும்போது தொழிலாளர் அரசு ஈட்டுறுதியும், 20-ஐ எட்டும்போது வருங்கால வைப்பு நிதியும் பொதுவாகப் பொருந்தும் என்ற பழைய வரம்புகள் தொடர்ந்தன. குறைந்தபட்சக் கூலி எண்ணிக்கையைப் பாராமல் பொருந்தும். 2021 இல் தமிழ்நாடு அரசு சட்டத்திருத்தம் கொண்டுவந்து, கடைப் பணியாளர்களுக்கு இருக்கை வசதி தருவதைக் கட்டாயமாக்கியது.

பணியாளர்களிடம் பிடித்த வைப்பு நிதியை நடைமுறை மூலதனமாகப் பயன்படுத்துவது, பணத் தட்டுப்பாட்டில் சிக்கிய நிறுவனங்களில் நிகழும் தவறு. அது தொழிலாளியின் பணம் என்பதால் சட்டம் இதைக் கடன் நிலுவையாகக் கருதாமல் குற்றமாகக் கருதுகிறது.

கடன் தவறுதலும் தொழிலை மூடுதலும்

தவணைக் கடனின் வட்டியோ அசலோ 90 நாட்களுக்கு மேல் நிலுவையானால் வங்கி அதை வாராக்கடனாக வகைப்படுத்துகிறது. வாடிக்கையாளர் 90 நாள் தவணை எடுத்துக்கொள்ளும் ஒரு தொழிலில், ஒரேயொரு பெரிய நிலுவையே தொழிலை இந்நிலைக்குத் தள்ளக்கூடும். அதன்பின் 2002 ஆம் ஆண்டின் சர்பேசி சட்டப்படி வங்கி 60 நாள் அறிவிப்பு தந்து, அடமானச் சொத்தை நீதிமன்றம் செல்லாமலே கையகப்படுத்தலாம். அச்சொத்து பல நேரங்களில் குடியிருக்கும் வீடாகவே இருக்கும். இந்நிலைக்கு முன்பே வங்கியை அணுகினால் தவணையை மாற்றியமைக்க இடமுண்டு. சிக்கலில் உள்ள குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களின் மறுவாழ்வுக்கான நெறிமுறையை 2016 இல் ரிசர்வ் வங்கி வெளியிட்டது.

தொழிலை மூடுவதற்கும் முறை உண்டு. சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவை நீக்கக் கோரி இறுதி அறிக்கை தாக்கல் செய்தல், பணியாளர் நிலுவைகளைத் தீர்த்தல், உள்ளாட்சி உரிமத்தையும் மின் இணைப்பையும் ஒப்படைத்தல், வங்கியிடமிருந்து கடன் தீர்ந்த சான்றும் அசல் பத்திரங்களும் பெறுதல் ஆகியன அவற்றுள் சில. கதவை மட்டும் பூட்டிவிட்டுச் சென்றால், அறிக்கை தாக்கல் செய்யாமைக்கான தாமதக் கட்டணமும் நிலுவைகளும் தொடர்ந்து ஏறும். முறையாக மூடியவர், கடன் வரலாறு கெடாமல் மற்றொரு தொழிலைத் தொடங்கும் வாய்ப்பைத் தக்கவைத்துக்கொள்கிறார்.